பீன்ஸ் நடுப்பகலில் தலை தொங்குகிறது, ஆணிவேர் செங்கல் நிறம். மீதியைக் காப்பாற்ற முடியுமா?

பாத்திக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். அரை ஏக்கரில் குத்துச்செடி பீன்ஸ் போட்டிருக்கேன். விதைத்து இன்றோடு 34 நாள். முளைப்பில் ஒரு குறையும் இல்லை. முதல் பதினைந்து நாள் பார்க்கவே ஆசையாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. தழைச்சத்துக் குறை என்று நினைத்துக் கொஞ்சம் யூரியா வைத்தேன், மஞ்சள் போகவில்லை. அடுத்து, பதினோரு மணிக்கு மேல் செடி தலை தொங்கும், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். தண்ணீர் போதவில்லை போல என்று, நான்கு நாளுக்கு ஒருமுறை பாய்ச்சியதை ஒன்றுவிட்ட நாள் ஆக்கினேன். அதற்கப்புறம்தான் வேகமாகப் பரவியது.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. வாய்க்கால் தண்ணீர் கடைசியில் வந்து தேங்குகிற கீழ்க்கோடியிலும், டிராக்டர் திரும்புகிற ஓரத்திலும்தான் அதிகம். நடுவில் எட்டுப் பார் இன்னும் பச்சையாக நிற்கிறது. ஒருவர் சொன்னார் என்று கார்பன்டாசிம் என்கிற பூஞ்சணக்கொல்லியை இரண்டு தடவை தூரில் ஊற்றினேன். ஒரு மாற்றமும் தெரியவில்லை. நேற்று ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். மண் பிடித்தே வைக்காத மாதிரி கையோடு வந்துவிட்டது. ஆணிவேர் செங்கல் நிறம், பக்கவேர் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதே நிலத்தில் இது தொடர்ந்து மூன்றாவது போகம் பீன்ஸ். அப்பா இருந்தவரை ஒரு போகம் பயறுவகை என்றால் அடுத்தது கண்டிப்பாகச் சோளம்தான். முதல் போகம் நன்றாகக் காய்த்ததால் ஆசைப்பட்டு நான்தான் மாற்றினேன். போன போகத்திலேயே அங்கங்கே சில செடி காய்ந்தது, கவனிக்காமல் விட்டேன். இப்போது நிற்கிற செடிகளுக்கு என்ன செய்யலாம்? அடுத்த போகத்துக்கு மண்ணை எப்படித் தயார் செய்வது?

சால்வழி:

சகோதரி, இது வேரழுகல்தான், சந்தேகமே வேண்டாம். உடனே ட்ரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நன்மைப் பூஞ்சணம்) கரைத்துத் தூரில் ஊற்றி, நன்றாக மண் அணைத்து விடுங்கள். எனக்கு இரண்டு வருடம் முன்னால் இதே மாதிரி வந்தபோது மண் அணைத்ததில்தான் பாதிக்கு மேல் பிழைத்தது. புது வேர் விட்டு எழுந்துவிடும்.

வேர்மண்:

சால்வழி சொல்வது நல்ல வைத்தியம்தான். ஆனால் ஒரு நாள் பொறுங்கள் அம்மா. வேரழுகல் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அதைச் செய்கிறவை நான்கைந்து வகை. ஒன்றுக்கு மண் அணைப்பது மருந்து, இன்னொன்றுக்கு அதுவே கேடு. ஸ்கிளிரோஷியம் ரோல்ஃப்சியாக இருந்தால், தண்டைச் சுற்றி மண்ணைக் குவிப்பது அந்தப் பூஞ்சணத்தை நாமே கொண்டுபோய்க் கழுத்தில் கட்டுவது போல. அதனால் முதலில் பார்க்கணும்.

செடியை இழுக்காதீர்கள், தோண்டுங்கள். இழுத்தால் அழுகின சல்லிவேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, கட்டியோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு மெதுவாக அலசுங்கள். செத்த செடி வேண்டாம், செத்த வேரில் கண்ட பூஞ்சணமும் குடிவந்திருக்கும். பாதி நோயில் நிற்பதையும், நன்றாக இருப்பதையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பார்க்க வேண்டியது இது. மண்மட்டத்தில் தண்டைச் சுற்றி வெள்ளை நூல் படர்ந்து, கடுகு போல உருண்டை உருண்டையாகப் பழுப்பு மணிகள் இருந்தால் ஸ்கிளிரோஷியம். தண்டின் அடியில் உள்வாங்கிய செம்பழுப்புப் புண், ஓரம் தெளிவாகத் தெரிந்தால் ரைசாக்டோனியா. வேர் நீர்கோத்து வழவழவென்று, விரலால் உருவினால் மேல்தோல் உறை மாதிரிக் கழன்று உள்நரம்பு மட்டும் நின்றால் பித்தியம். அது உண்மையில் பூஞ்சணமே இல்லை, நீர்ப்பாசிகளின் தூரத்து உறவு, கார்பன்டாசிம் அதை ஒன்றும் செய்யாது. தண்டு சாம்பல் பூத்து, உள்ளே மிளகைப் பொடித்துத் தூவின மாதிரி கருப்புப் புள்ளி இருந்தால் மேக்ரோஃபோமினா. அது வெயிலும் வறட்சியும் சேர்ந்த காலத்தில் வருவது, நீங்கள் சொல்லும் தேங்கின தண்ணீருக்குப் பொருந்தவில்லை.

எனக்குச் சந்தேகம் ஃபியூசேரியம் சொலானி மேல். அதற்கு ஆணிவேரில் செந்நிறக் கோடுகள் முதலில் தெரியும், பிறகு பழுப்பாகி, நீளவாக்கில் வெடிப்பு விழும். வேரைப் பிளாஸ்டிக் அட்டை மேல் வைத்துக் கத்தியால் நெடுகப் பிளந்து பாருங்கள். அழுகல் வெளிப்பட்டையில் நின்றால் வேரழுகல். நடு நரம்பில் பழுப்புக்கோடு தண்டுக்குள் ஏறிப் போயிருந்தால் அது ஃபியூசேரியம் வாடல், அதே ஃபியூசேரியம் பேரினத்தின் வேறொரு இனம் செய்வது.

இன்னொரு வேலை. பாசனம் விட்ட மறுநாள் ஒரு இரும்புக் கம்பியை நல்ல பாரிலும் கெட்ட பாரிலும் குத்திப் பாருங்கள். எவ்வளவு ஆழம் சுலபமாக இறங்குகிறது என்று அளந்து எழுதுங்கள்.

பாத்திக்காரி:

ஐயா, இரண்டு நாள் இதே வேலையாக இருந்தேன். மொத்தம் 14 செடி தோண்டினேன். கீழ்க்கோடியில் 8, நடுவும் கெட்டதும் சேரும் இடத்தில் 4, நன்றாக இருப்பதில் 2.

வெள்ளை நூல் இல்லை, கடுகு மணி இல்லை. தோல் உருவினால் கழன்று வரவில்லை. எட்டிலும் ஆணிவேர் செம்பழுப்பு, ஆறில் நீளவாக்கில் வெடிப்பு. பிளந்தால் உள்ளே நடுவில் வெள்ளையாகவே இருக்கிறது, தண்டுக்குள் கோடு எதுவும் ஏறவில்லை. ஐந்து செடியில் அழுகலுக்கு மேலே, மண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, புதுசாக வெள்ளை வேர் பக்கவாட்டில் கிளம்பியிருந்தது. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கீழே எல்லாம் அழுகின பிறகும் மேலே வேர் விட முயற்சி பண்ணிக்கொண்டிருந்திருக்கிறது, நான் அந்த நேரத்தில் தண்ணீரைக் கொட்டி மூச்சு முட்ட வைத்திருக்கிறேன்.

நல்ல செடி இரண்டிலும் வேரில் உருண்டைகள் இருந்தன. நூற்புழுவோ என்று பயந்தேன். நகத்தால் தள்ளினால் தனியாக உதிர்ந்தது, உள்ளே இளஞ்சிவப்பு. கெட்ட செடியில் அது ஒன்றிரண்டுதான்.

கம்பிதான் என்னைத் தூக்கிப் போட்டது. நல்ல பாரில் 35 செ.மீ. வரை தடையில்லாமல் போனது. கீழ்க்கோடியில் 16, டிராக்டர் திரும்பும் இடத்தில் 13. அதற்குக் கீழே கல்லில் குத்தின மாதிரி நிற்கிறது. அந்த இடத்துச் செடிகளின் ஆணிவேர் எல்லாம் அதே ஆழத்தில் முழங்கை மாதிரி மடங்கிப் பக்கவாட்டில் போயிருக்கிறது. மூன்று போகமும் ஒரே ஆழத்தில் ரோட்டவேட்டர் ஓட்டியது நான்தான்.

வேர்மண்:

உதிர்ந்தது நூற்புழு முடிச்சு இல்லை, ரைசோபிய முடிச்சு, காற்றுத் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தரும் பாக்டீரியா இருக்கும் வீடு. உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை செய்கிறது. நூற்புழு முடிச்சு வேரே வீங்கினது, தள்ளினால் உதிராது.

அறிகுறி எல்லாம் ஃபியூசேரியம் வேரழுகல் பக்கமே நிற்கிறது. ஆய்வகத்தில் வேரைக் கொடுத்து உறுதி செய்ய வழி இருந்தால் செய்துகொள்ளுங்கள். இந்தப் பூஞ்சணம் தடித்த சுவருள்ள வித்தாக மண்ணில் பல வருடம் படுத்திருக்கும். விதை முளைக்கும்போது வேரிலிருந்து கசிகிற சத்தை உணர்ந்து எழுந்துகொள்ளும். வேர் தாராளமாகக் கீழே இறங்கினால், கொஞ்சம் அழுகினாலும் செடி ஈடுகட்டிவிடும். கம்பி நின்ற அந்த இறுகின மண்ணடுக்கில், அதாவது கெட்டித்தட்டில் முட்டி, வேர் முழுக்க மேல்மண்ணில் நெருங்கி நிற்கும்போது, தண்ணீரும் தேங்கிக் காற்றும் போய்விட்டால், அதே பூஞ்சணம் செடியை முடித்துவிடும். உங்கள் நடு எட்டுப் பாரில் பூஞ்சணம் இல்லாமல் இல்லை. அங்கே வேருக்கு இடம் இருக்கிறது.

இப்போது மண் அணையுங்கள், தாராளமாக. ஈரமான தளர்ந்த மண்ணைத் தண்டின் அடியில் மூன்று நான்கு விரல் உயரத்துக்கு. அந்த வெள்ளை வேர்கள்தான் இனி இந்தச் செடிக்கு வாழ்வு. பக்கத்தில் ஆழமாகக் கொத்தி அவற்றை அறுத்துவிடாதீர்கள். தண்ணீர் மேலாக, கொஞ்சமாக, தேங்காமல். கீழ்க்கோடியில் ஒரு வடிகால் வெட்டி விடுங்கள். நல்ல பாரில் முதலில் வேலை, கெட்ட பாரில் கடைசியில். மண்வெட்டியைக் கழுவாமல் திரும்ப நல்ல பக்கம் போகாதீர்கள்.

சால்வழி:

ஐயா சொன்ன கடுகு மணி விஷயம் எனக்கு இதுவரை தெரியாது, நன்றி. எனக்குப் பிழைத்தது அதிர்ஷ்டம்தான் போல. அப்போ ட்ரைக்கோடெர்மா ஊற்றலாமா கூடாதா?

வேர்மண்:

அழுகின வேரை அது திரும்ப முளைக்க வைக்காது. அது காவல்காரன், முன்கூட்டியே நிற்க வேண்டும். கார்பன்டாசிம் ஊற்றின மண்ணில் உடனே ஊற்றினால் அந்த மருந்து ட்ரைக்கோடெர்மாவையே கொன்றுவிடும். அடுத்த பயறு விதைப்பில் கிலோ விதைக்கு 4 கிராம் வைத்து நேர்த்தி செய்யுங்கள். மண்ணுக்கு என்றால் எக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மட்கிய தொழுவுரத்தில் கலந்து இடுவது வழக்கம். மட்காத சாணமும் பச்சைத் தழையும் விதைப்புக்கு முன் வேண்டாம், ரைசாக்டோனியாவுக்கும் பித்தியத்துக்கும் அது விருந்து.

பாத்திக்காரி:

கோடையில் பாலித்தீன் தாள் மூடி மண்ணைச் சூடேற்றினால் எல்லாம் செத்துவிடும் என்கிறார்களே ஐயா?

வேர்மண்:

நல்ல முறைதான். இஸ்ரேலில் காட்டான் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1976இல் வெளியிட்டது. மண்ணை நனைத்து, ஒளி புகும் மெல்லிய தாளை இழுத்துப் போர்த்தி, ஓரத்தை மண்ணில் புதைத்து, கடும் வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம். கருப்புத் தாள் வேண்டாம், அது தான் சூடாகுமே தவிர மண்ணுக்கு அவ்வளவு சூட்டைத் தராது. ஆனால் அந்தச் சூடு மேல்மண்ணில் கிடைக்கிற அளவுக்கு ஆழத்தில் கிடைக்காது. நாற்றங்காலுக்கு அருமை. உங்களுக்கு முதல் வேலை அந்தத் தட்டை உடைப்பது. அதை உடைக்காமல் தாள் போர்த்தினால் அடுத்த வருடம் இதே கேள்வியோடு வருவீர்கள்.

பாத்திக்காரி:

இருபத்திரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். கீழ்க்கோடியில் கடைசி இரண்டு பார் போய்விட்டது. செடிகளைப் பிடுங்கி எருக்குழியில் போடாமல் வயலுக்கு வெளியே எரித்தேன். மண் அணைத்த மற்றப் பார்களில் மூன்றில் இரண்டு பங்கு பிழைத்துப் பூவெடுத்திருக்கிறது. குட்டைதான், ஆனால் நடுப்பகலில் தலை தொங்கவில்லை. நேற்று ஒன்றைத் தோண்டினேன், மண்மட்டத்துக்குக் கீழே வெள்ளை வேர் கொத்துக் கொத்தாக, கை நிறைய.

அறுவடை முடிந்ததும் உளிக்கலப்பை ஓட்டிவிட்டுச் சோளம் விதைக்கிறேன். அதற்கு அடுத்ததும் மக்காச்சோளம்தான், பீன்ஸ் மூன்று வருடத்துக்கு இந்தத் துண்டில் இல்லை. உளிக்கலப்பையை எந்தப் பதத்தில் ஓட்டணும் ஐயா?

வேர்மண்:

அடிமண் காய்ந்திருக்கும்போது. ஈரத்தில் ஓட்டினால் கலப்பை தட்டைக் கத்தி மாதிரிக் கீறிக்கொண்டு போகும், உடைக்காது. கம்பி நின்றது தட்டின் மேல்பக்கம்தான், உளி அந்தத் தட்டின் அடிப்பக்கத்துக்கும் கொஞ்சம் கீழே போக வேண்டும். டிராக்டர் திரும்பும் ஓரத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை ஓட்டுங்கள். சோளம் முளைத்த பிறகு அதே இடங்களில், அதே போல் பாசனம் விட்ட மறுநாள், கம்பியைக் குத்திப் பார்த்து அளவை இங்கேயே எழுதுங்கள்.