புதுப்பிப்பு: ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்களே, அந்த விஷயம்

எங்கள் ஐடி கம்பெனியில் என்மேல் பிஐபி (வேலைத்திறனை மேம்படுத்தச் சொல்லிக் கெடு வைக்கும் திட்டம்) போட்ட கையோடு ஹெச்ஆர் அறைக்குக் கூப்பிட்டு, ராஜினாமா எழுதித் தராவிட்டால் ரிலீவிங் லெட்டர் கிடையாது என்று மிரட்டியதைப் போன மாதம் எழுதியிருந்தேன். என்ன ஆச்சு என்று பலர் கேட்டுவிட்டீர்கள்.

எழுதித் தரவில்லை. அறையில் பேசியதை அன்று மாலையே மின்னஞ்சலில் வரிவரியாக எழுதி, "நீங்கள் சொன்னது இதுதானே, உறுதிப்படுத்துங்கள்" என்று மேலாளருக்கும் ஹெச்ஆருக்கும் அனுப்பினேன். பதிலே வரவில்லை. ஆனால் மறுநாளே குரல் இறங்கிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு அவ்வளவு சத்தம் போட்டவர்களுக்கு, எழுத்தில் ஒரு வரி தர மனம் வரவில்லை பாருங்கள்.

ஐடிக்காரர்களுக்குத் தொழிலாளர் சட்டமே பொருந்தாது என்றும் சொன்னார்கள். அது பொய். ஐடி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஒரு சங்கத்தில் பேசினேன், பொறுமையாக வழி சொன்னார்கள்.

கடைசியில் நோட்டீஸ் காலச் சம்பளம், அனுபவச் சான்றிதழ் இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் விலகினேன். பிஎஃப் கணக்கில் வெளியேறிய தேதியைக் கம்பெனி போடாவிட்டால், கடைசிச் சந்தா செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து யுஏஎன் (பிஎஃப் உறுப்பினருக்கான பொதுக் கணக்கு எண்) தளத்தில் நாமே போடலாம். இதற்காக யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

மனசு ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. பிரசவ விடுப்பு முடிந்து வந்த எங்கள் டீம் தோழிக்கு இப்போது அதே அறை, அதே பேச்சு. அடுத்த வாரம் அவரோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகிறேன். முன்பே போய் வந்தவர்கள் என்னென்ன ஆவணம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.