கல்லை மேலே எறியும் கணக்கு: எனக்கு 1 வினாடி வருது, விடைப் பக்கத்தில் 5. எங்கே தப்பு?

பிளஸ்ஒன்_குழப்பம்
மாடியிலிருந்து கல்லை மேல்நோக்கி எறியுற கணக்கு. எஸ் = யூடி + ½ஏடி² ல (எஸ் இடப்பெயர்ச்சி, யூ தொடக்கத் திசைவேகம், ஏ முடுக்கம், டி நேரம்) போட்டா டி = 1 வருது, இன்னொண்ணு மைனஸ் 5. புத்தகத்துக்குப் பின்னாடி 5 வினாடின்னு இருக்கு. உச்சியில கல் நின்னுடுதே, அங்க முடுக்கம் 0 தானே? அதனால ரெண்டு பகுதியா பிரிச்சுப் போடணுமா? நாளைக்குக் காலையில டெஸ்ட். சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

சாய்தளம்
மாடி எவ்வளவு உயரம்? எறிஞ்ச திசைவேகம் என்ன? ஜி (ஈர்ப்பு முடுக்கம்) 10 ஆ, 9.8 ஆ? எந்தத் திசையை பிளஸ்னு எடுத்தீங்க? இது நாலும் தெரியாம தப்பைக் கண்டுபிடிக்க முடியாது. குறிப்பா நாலாவது.

இரண்டாம்பெஞ்ச்
மைனஸ் 5ல மைனஸை எடுத்துட்டு 5ன்னு எழுதிடு தம்பி. நேரம் மைனஸ்ல வராது.

மூன்றாம்விதி
கணக்கை முழுசா போடாம விடையை மட்டும் கேட்கிறது இங்க வழக்கமாயிடுச்சு. திசைவேகம் ஒரு வெக்டார் (அளவோட திசையும் உள்ளது), முடுக்கமும் வெக்டார். இடப்பெயர்ச்சியை நேரத்தைப் பொறுத்து வகையிட்டா திசைவேகம், அதை இன்னொரு தடவை வகையிட்டா முடுக்கம். பாடத்தோட முதல் சில பக்கங்களைப் பொறுமையா படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் பண்றவங்க எல்லாரும் இதே இடத்துலதான் விழறாங்க.

ஊசல்குண்டு
நாளைக்கு டெஸ்ட் வெச்சிருக்கிற பிள்ளைக்கு இப்போ வகையிடல் சொல்லிக் கொடுத்து ஆகப்போறது ஒண்ணுமில்ல. முடுக்கம் மாறாம இருக்கிற கணக்கு இது. பள்ளிச் சூத்திரமே போதும், குறியை ஒழுங்கா வெச்சா. தம்பி, சாய்தளம் கேட்டதுக்குப் பதில் போடு.

பிளஸ்ஒன்_குழப்பம்
25 மீட்டர். 20 மீ/வி. ஜி 10. நான் போட்டது 25 = 20டி + 5டி². பிளஸ் எதுன்னு தனியா எடுக்கல, எல்லாமே பிளஸ்தான்.

சாய்தளம்
தப்பு அந்த ஒரு வரியிலேயே இருக்கு. 20 பிளஸ், 5டி² பிளஸ், 25ம் பிளஸ். மூணுக்கும் ஒரே குறின்னா மூணும் ஒரே திசையில இருக்குன்னு அர்த்தம். நீங்க கல்லை மேல எறியல, 20 மீ/வி ல கீழ்நோக்கி வீசியிருக்கீங்க. அந்தக் கணக்குக்கு 1 வினாடி சரியான விடைதான்.

உங்க கணக்குல கல் மேல கிளம்புது, ஈர்ப்பு கீழ இழுக்குது, தரை மாடிக்குக் கீழ இருக்கு. எழுத ஆரம்பிக்கும் முன்னாடி தாளோட ஓரத்துல மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டு, பக்கத்துல பிளஸ்னு எழுதுங்க. கல் கையை விட்ட இடம் 0. இப்போ:

தொடக்கத் திசைவேகம் +20
முடுக்கம் −10
இடப்பெயர்ச்சி −25

−25 = 20டி − 5டி²

5ஆல வகுத்து எல்லாத்தையும் ஒரு பக்கம் கொண்டு வந்தா டி² − 4டி − 5 = 0. அதாவது (டி − 5)(டி + 1) = 0. டி = 5.

எஸ்ங்கிறது கல் சுத்திப் போன தூரம் இல்ல. கிளம்பின இடத்துலேருந்து முடிஞ்ச இடம் எந்தத் திசையில, எவ்வளவு தள்ளி இருக்குங்கிறதுதான். கல் 20 மீட்டர் ஏறி 45 மீட்டர் இறங்குது, மொத்தத் தூரம் 65. அந்த 65ஐ சூத்திரத்துல போட்டா கணக்கு கெட்டுப் போகும். ரெண்டா பிரிக்கவும் தேவையில்ல. கல் கையை விட்டதிலிருந்து தரையைத் தொடும் வரைக்கும் ஒரே முடுக்கம்தான்.

இரண்டாம்பெஞ்ச்
நான் சொன்ன 5 தானே கடைசியில வந்துச்சு?

சாய்தளம்
வந்துச்சு. அதனாலதான் அந்த வழி ஆபத்து. அடுத்த உட்பிரிவுல “தரையைத் தொடும்போது திசைவேகம் என்ன” ன்னு கேட்பாங்க. தம்பியோட குறியையே வெச்சு டி = 5 போட்டா 20 + 10 × 5 = 70 மீ/வி. சரியான குறியில 20 − 10 × 5 = −30. 30 மீ/வி, கீழ்நோக்கி. இதைச் சரிபார்க்க நேரமே வேண்டாம்: 20² + 2 × 10 × 25 = 900, வர்க்கமூலம் 30. மைனஸை அழிச்சு முதல் மார்க்கை வாங்கிட்டு அடுத்த மார்க்கை விடணுமா?

ஊசல்குண்டு
சரியான சமன்பாட்டுல வர்ற −1ஐயும் பேசாம தூக்கிப் போட வேண்டாம், அதுக்குப் பொருள் இருக்கு. இதே கல் தரையிலிருந்து 30 மீ/வி ல கிளம்பியிருந்தா 1 வினாடி கழிச்சு 25 மீட்டர் உயரத்தை 20 மீ/வி ல கடந்திருக்கும் (30 × 1 − 5 = 25; 30 − 10 = 20). மாடியில 0 வினாடியில நாம பார்க்கிற கல்லும் அந்தக் கல்லும் அந்த நொடியிலிருந்து ஒண்ணுதான். சமன்பாட்டுக்கு யாரு எங்க நின்னு எறிஞ்சாங்கன்னு தெரியாது. அதனால பாதையைப் பின்னாடியும் நீட்டி, தரையைத் தொட்டிருக்க வேண்டிய நேரத்தையும் சேர்த்துச் சொல்லுது. நம்ம கல் அப்போ கையில இருந்தது, அதனால விடை 5. விடைத்தாள்ல “எறிவதற்கு முந்தைய நேரம், பொருந்தாது” ன்னு ஒரு வரி எழுதிட்டு −1ஐ விடு.

இப்போ உன்னோட ரெண்டாவது சந்தேகம். அதுதான் பெரிசு. உச்சியில திசைவேகம் 0, சரி. முடுக்கம் 0 இல்ல. பக்கத்துல போய்ப் பாரு:

1.9 வினாடியில் +1 மீ/வி
2.0 வினாடியில் 0
2.1 வினாடியில் −1 மீ/வி

ஒவ்வொரு 0.1 வினாடிக்கும் 1 குறையுது. 0ஐத் தாண்டும்போதும் அதே மாற்றம்தான். முடுக்கம்னா அந்த மாற்றத்தோட வீதம், அந்த நொடியில திசைவேகம் எவ்வளவுங்கிறது அதுக்குச் சம்பந்தமே இல்ல. உச்சியில ரெண்டுமே 0 ஆயிருந்தா கல் அந்தரத்துல அப்படியே நின்னிருக்கும், இறங்கவே இறங்காது.

வரைபு_யாழ்
தம்பி, இந்தச் சமன்பாடெல்லாம் பிறகு பார்க்கலாம், முதல் வேக-நேர வரைபைக் கீறுங்கோ. (எங்கட பக்கம் வேகம் எண்டா உங்கட திசைவேகம், ஆர்முடுகல் எண்டா முடுக்கம், கதி எண்டா திசை பார்க்காத வேகம், படித்திறன் எண்டா கோட்டின்ர சாய்வு, செக்கன் எண்டா வினாடி.) 0 செக்கனில +20 இல ஒரு புள்ளி, 5 செக்கனில −30 இல ஒரு புள்ளி, இரண்டையும் அடிமட்டத்தால இணையுங்கோ. ஒரே நேர்கோடு. படித்திறன் −10, எங்கயும் முறியேல்லை. அதுதான் ஆர்முடுகல். கோடு 2 செக்கனில நேர அச்சை வெட்டுது, அது உச்சி.

பரப்பளவு பாருங்கோ. அச்சுக்கு மேல உள்ள முக்கோணி ½ × 2 × 20 = 20. கீழ உள்ளது ½ × 3 × 30 = 45. குறியோட கூட்டினா −25, அது இடப்பெயர்ச்சி. குறியில்லாமல் கூட்டினா 65, அது தூரம். சராசரி வேகம் −25 ÷ 5 = −5, சராசரிக் கதி 65 ÷ 5 = 13. பரீட்சையில எப்பிடிச் சுத்திக் கேட்டாலும் இந்த ஒரு படத்துக்குள்ள விடை கிடக்கு.

இரண்டாம்பெஞ்ச்
முடுக்கம் மைனஸ்னா வேகம் குறையணும்னுதான் படிச்சோம். கீழ வரும்போது வேகம் கூடுதே. அப்போ இறங்கும்போது +10 போட வேண்டாமா?

மூன்றாம்விதி
இந்தத் தப்பைத்தான் முதல்லயே சொன்னேன். குறி திசையைச் சொல்லுது, கூடுதா குறையுதான்னு சொல்லாது. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறின்னா வேகம் கூடும், எதிர்க்குறின்னா குறையும். முதல் 2 வினாடி +20லிருந்து 0 வரை, முடுக்கம் −10: எதிர்க்குறி, குறையுது. அடுத்த 3 வினாடி 0லிருந்து −30 வரை, முடுக்கம் அதே −10: ஒரே குறி, கூடுது. நடுவுல குறியை மாத்தினா பாதி தூரத்துல அச்சையே திருப்பி வெச்ச மாதிரி. கீழ்நோக்கி பிளஸ்னு எடுத்தாலும் தப்பில்ல: −20, +10, +25. அதே 5 வரும். எதை எடுத்தாலும் கடைசி வரைக்கும் மாத்தக் கூடாது.

சென்சார்பித்து
எனக்கு ஒரு முரண்பாடு தெரியுது. போன்ல முடுக்கமானி ஆப் போட்டு, மெத்தைக்கு மேல போனைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சா உச்சியில 0ன்னு காட்டுது. மேசையில சும்மா கிடக்கும்போது 9.8 காட்டுது. அப்போ தம்பி கேட்டது சரிதானே?

ஊசல்குண்டு
நல்ல சோதனை. ஆனா பதிவை முழுசாப் பாருங்க. உச்சியில மட்டும் 0 இல்ல. கை விட்ட நொடியிலிருந்து பிடிக்கிற நொடி வரைக்கும் கோடு 0ஐ ஒட்டியே தட்டையா போகும். உச்சிக்குன்னு தனியா ஒரு அடையாளமும் அந்தக் கோட்டுல இருக்காது. “உச்சி வேற மாதிரி” ங்கிறதுக்கு அதுவே மறுப்பு.

சிப்புக்குள்ள நுண்ணிய வில்லுல தொங்குற ஒரு சின்ன நிறை இருக்கு. சுத்தியிருக்கிற சட்டத்தை விட்டு அது எவ்வளவு விலகுதுங்கிறதை மின்தேக்குத்திறன் மாற்றத்தால அளக்குது. மேசையில கிடக்கும்போது மேசை சட்டத்தைத் தாங்குது, நிறை தொய்ஞ்சு விலகுது, 9.8 காட்டுது. காத்துல இருக்கும்போது சட்டமும் நிறையும் சேர்ந்தே விழுது, விலகல் இல்ல, 0 காட்டுது. அந்தக் கருவி அளக்கிறது ஈர்ப்பைத் தவிர மத்த விசைகள் தர்ற முடுக்கத்தை. கணக்குல நாம எழுதுறது தரையிலிருந்து பார்க்கிற முடுக்கத்தை. காத்துல இருக்கிற நேரம் முழுக்க அது −9.8. சில ஆப்கள்ல ஈர்ப்பைக் கழிச்சுக் காட்டுற இன்னொரு பிரிவும் இருக்கு. எதைத் திறந்திருக்கீங்கன்னு பார்த்துட்டு ஒப்பிடுங்க.

மூன்றாம்விதி
9.8ன்னு சொன்னதால கேட்கிறேன், 10 எடுக்கிறது சோம்பேறித்தனம் இல்லையா? 1901லயே தர மதிப்பு 9.80665ன்னு முடிவாயிடுச்சு.

சாய்தளம்
அது தர மதிப்பு, எல்லா ஊருக்கும் உண்மையான மதிப்பு இல்ல. நிலநடுக்கோட்டுப் பக்கம் சுமார் 9.78, துருவத்துல சுமார் 9.83. சென்னையில 9.78 அளவுதான். இந்தக் கணக்குல 9.8 போட்டாலும் 9.78 போட்டாலும் 5.09 வினாடி. 10 போட்டா 5. விடைப் பக்கத்துல 5ன்னு முழு எண்ணா இருக்கு, இருபடிச் சமன்பாடும் சுத்தமா காரணிப்படுது. கணக்கு போட்டவர் 10ஐ மனசுல வெச்சுத்தான் போட்டிருக்கார். கேள்வித்தாள்ல என்ன மதிப்பு கொடுத்திருக்கோ அதை எடு தம்பி. கொடுக்கலைன்னா எதை எடுத்தேன்னு முதல் வரியிலேயே எழுதிடு.

வரைபு_யாழ்
10 எடுத்தால் இன்னொரு வசதியும் இருக்கு. உச்சியில இருந்து விழேக்க ஒவ்வொரு செக்கனிலயும் போற தூரம் 5, 15, 25 மீற்றர். 1 : 3 : 5. கலிலியோ 1638 இல வெளியிட்ட நூலில சொன்ன ஒற்றையெண் விதி உதுதான். கூட்டினா 45. அவர் சாய்வான தவாளிப்பில (நீளப் பள்ளத்தில) குண்டை உருளவிட்டு, வழிஞ்ச தண்ணியை நிறுத்துத்தான் நேரத்தை அளந்தவர். விடையைச் சரிபார்க்க அந்த விகிதம் ஒண்டே போதும்.

பிளஸ்ஒன்_குழப்பம்
5 வந்துடுச்சு. கிராஃபும் போட்டேன், −25 சரியா வருது. நன்றி அண்ணா எல்லாருக்கும். பலூன்ல இருந்து கல்லை விடுற கணக்கும் இப்படித்தானா?

சாய்தளம்
இப்படித்தான், ஒரு இடத்துல மட்டும் கவனம். “விடப்பட்டது” ன்னு படிச்ச உடனே தொடக்கத் திசைவேகம் 0ன்னு எழுதிடாதீங்க. பலூன் 20 மீ/வி ல மேல போயிட்டிருந்தா, விட்ட நொடியில கல்லுக்கும் +20 இருக்கும். 25 மீட்டர் உயரத்துல விட்டா நீங்க இப்போ போட்ட அதே கணக்கு, அதே 5 வினாடி. பலூன் +2 மீ/வி² முடுக்கத்தோட ஏறிட்டிருந்தாலும் அந்த 2ஐக் கல்லுக்குச் சேர்க்கக் கூடாது. விட்டதுக்கு அப்புறம் கல்லை மேல தள்ள எதுவும் இல்ல. திசைவேகம் கூட வரும், முடுக்கம் கூட வராது. கல்லுக்கு −10 தான்.

மூன்றாம்விதி
அதுக்குப் புது இழை தொடங்குங்க. உயரம், திசைவேகம், ஜி, பிளஸ் திசை நாலையும் முதல் பதிவிலேயே போடுங்க.