முதல் லீனியரை இணைத்த நாள்: உங்களுக்கு என்ன நடந்தது?

ஹாம் ரேடியோவில் (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) பத்து வருடம் நூறு வாட்டிலேயே பேசியவன் நான். சென்ற ஆண்டு மூத்த ஹாம் நண்பர் ஒருவர் தன் பழைய லீனியரை, அதாவது அனுப்பும் திறனைப் பெருக்கும் பெட்டியை, எனக்குக் கொடுத்தார். உள்ளே இரண்டு 3-500 இசட் வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்). கனம் தாங்காது என்று டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றித் தனியாகத்தான் எடுத்து வந்தோம்.

வந்த அன்றே போட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது. ஆனாலும் முதலில் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி எந்த மின்னழுத்தத்துக்கு இணைக்கப்பட்டிருக்கிறது என்று திறந்து பார்த்தேன். 240 வோல்ட்டுக்குத் தனி லைன் இழுத்தேன். ஆயிரம் வாட் வெளியே போக வேண்டுமென்றால் சுமார் 1700 வாட் உள்ளே போக வேண்டும். வால்வுகளைச் சூடேற்றும் ஃபிலமென்ட்டுக்கு மட்டும் கிட்டத்தட்ட 150 வாட். மற்ற சாதனங்களோடு பங்கு போடும் பிளக்கில் செருகினால், பேசப் பேச மின்னழுத்தம் சரியும்.

ஆன்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வெப்பமாக விழுங்கும் டம்மி லோடில் ட்யூன் செய்தது இனிமையான அனுபவம். குறைந்த டிரைவ் (உள்ளீட்டுத் திறன்), பிளேட் (வால்வின் வெளியீட்டு மின்முனை) கரண்ட் குழியும் இடம், அப்புறம் லோடு குமிழ், மறுபடி பிளேட் குமிழ். ஐந்து விநாடி கொடுப்பேன், விட்டுவிடுவேன், ஆற விடுவேன். கண் முழுக்க கிரிட் (வால்வின் கட்டுப்பாட்டு மின்முனை) கரண்ட் மீட்டரில்தான் இருந்தது. லோடு போதாவிட்டால் முதலில் எகிறுவது அதுதான். பிளேட் சிவந்ததைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டேன். இந்த வால்வில் பிளேட் மங்கலாகச் சிவப்பது இயல்பு என்று நண்பர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

சிக்கல் ஆரம்பித்தது ஆன்டெனாவை மாட்டிய பிறகு. 7 மெகாஹெர்ட்ஸில் இருபது விநாடி பேசுவதற்குள் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா பக்கமிருந்து எவ்வளவு திறன் திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) மெல்ல ஏறியது. லீனியரை அணைத்துவிட்டுக் கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். ஒரு பிஎல்-259 கனெக்டர் தொட முடியாத சூடு. அதில் கோஆக்ஸ் கேபிளின் வெளி வலைக்கம்பி சால்டர் பிடிக்காமல் வெறுமனே நெருக்கி நின்றிருக்கிறது. நூறு வாட்டில் அந்த இடத்தில் ஓடியது 1.4 ஆம்பியர், ஆயிரத்தில் 4.5. சூடோ பத்து மடங்கு. பத்து வருடமாக அந்தக் கனெக்டர் அப்படியே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. கனெக்டர்கள் எல்லாவற்றையும் மறுபடி சால்டர் செய்தேன், மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் துண்டுகளைத் தூக்கிவிட்டுத் தடித்த ஆர்ஜி-213 போட்டேன்.

அடுத்த தொல்லை அறைக்குள்ளேயே. மைக்கில் உதடு பட்டால் சுரீரென்றது. பேசும்போது கணினி உறைந்து நின்றது. எதிர்முனையில் இருந்தவர், என் குரல் கரகரவென்று உடைகிறது என்றார். கோஆக்ஸின் வெளிப்புறத்தில் ஓடிவந்த காமன் மோட் மின்னோட்டம்தான் காரணம். அதைத் தடுக்க, 31 வகை ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையங்களில் கோஆக்ஸைப் பல சுற்றுச் சுற்றி, ஆன்டெனாவின் ஊட்டுமுனையில் ஒன்றும் கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் ஒன்றும் வைத்தேன். அதோடு நின்றது.

சரி, கிடைத்தது என்ன? பத்து டெசிபெல். ஒரு எஸ் யூனிட் (சிக்னல் வலிமை மீட்டரின் ஒரு படி) 6 டெசிபெல் என்று கணக்கிட்டால் இரண்டு எஸ் யூனிட்கூட இல்லை. அமைதியான பேண்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இரைச்சல் மிகுந்த 80 மீட்டரில், "மறுபடி சொல்லுங்கள்" என்று நான்கு முறை கேட்டவர்கள் இப்போது உட்கார்ந்து பேசுகிறார்கள். எனக்கு அது போதும். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். 73 (வாழ்த்துகள்).

* * *

உங்கள் பதிவைப் படித்தேன். நீங்கள் கீயிங் லைனைப் பற்றி, அதாவது பேசும்போது லீனியரை இயக்கச் சொல்லும் கம்பியைப் பற்றி, சொல்லவில்லையே. எனக்கு அங்கேதான் அடி விழுந்தது. பழைய லீனியர், புதிய டிரான்சீவர் (அனுப்பவும் வாங்கவும் செய்யும் பெட்டி). இரண்டையும் நேரடியாக இணைத்தேன். மூன்றாவது முறை பிடிடி (பேசும் பொத்தான்) அழுத்தியபோது லீனியர் அசையவே இல்லை. அப்புறம் மீட்டர் வைத்துப் பார்த்தால் லீனியரின் ரிலே லைனில் 110 வோல்ட்! டிரான்சீவருக்குள் இருந்த சின்ன டிரான்சிஸ்டர் அதைத் தாங்குமா? போய்விட்டது.

இப்போது நடுவில் ஒரு சிறு 12 வோல்ட் ரிலே, அதன் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு. அதோடு டிரான்சீவர் மெனுவில் டிரான்ஸ்மிட் டிலேயையும் கூட்டினேன். லீனியரின் ரிலே மூடுவதற்கு முன்பே ஆர்.எஃப். (ரேடியோ அலைத் திறன்) வந்தால் தொடுமுனைகள் பொறி பறந்து கருகும். பழைய பெட்டி வாங்குகிறவர்கள் தயவுசெய்து முதல் நாளே அந்த லைனை அளந்து பாருங்கள்.

* * *

என்னுடையது வால்வு இல்லாத, எல்டிமாஸ் வகை டிரான்சிஸ்டர் லீனியர். முப்பது வாட் கொடுத்தால் போதும். டிரான்சீவரை முப்பதில் வைத்தும், ஒவ்வொரு முறை பேச ஆரம்பிக்கும்போதும் பாதுகாப்புச் சுற்று வெட்டியது. பவரை எவ்வளவு குறைத்து வைத்தாலும் முதல் கணத்தில் என் டிரான்சீவர் முழு நூறு வாட்டையும் துப்புகிறது என்று ஆசிலாஸ்கோப்பில்தான் தெரிந்தது. டிரான்சீவரைத் தானாகத் திறன் குறைக்கச் சொல்லும் ஏஎல்சி கம்பியை இணைத்துப் பார்த்தேன், அது அவ்வளவு வேகமாக ஓடி வருவதில்லை. உள்ளீட்டில் திறனைப் பாதியாக்கும் 3 டெசிபெல் அட்டெனுவேட்டர் போட்டு, டிரான்சீவரை அறுபதில் வைத்தேன். இப்போது மோசமான கணத்திலும் லீனியருக்குப் போவது ஐம்பதுதான். அதற்குப் பிறகு ஒருமுறைகூட வெட்டவில்லை.

* * *

வால்வு லீனியர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஃபியூஸ் மாற்றத் திறந்தேன். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. வழக்கம்போல, பூமியில் இணைத்த கம்பியுள்ள நீளமான காப்புக் கோலால் பிளேட் லைனைத் தொட்டேன். துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். அணைத்த பிறகு மின்னூட்டத்தை வடிக்க வேண்டிய பிளீடர் ரெசிஸ்டர் எப்போதோ அறுந்துபோய், கெப்பாசிட்டர்கள் மின்னூட்டத்தை அப்படியே பிடித்து வைத்திருந்தன. இயங்கும்போது அந்த லைனில் 2800 வோல்ட். அன்று கோலுக்குப் பதில் என் விரல் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பிளீடர்களை மாற்றிவிட்டேன். கோலை லீனியரின் மூடியிலேயே மாட்டி வைத்திருக்கிறேன். அதை எடுக்காமல் மூடியைத் திறக்க முடியாது.