ரேடார்ல பட்டையைப் பாருங்க, சென்டிமீட்டரை அப்புறம் பாருங்க

கேள்வி: திருவாரூர்லேருந்து டொராண்டோ பக்கம் வந்து முதல் குளிர்காலம். வேகமா ஓடுற புயல், 5 செ.மீ. ஸ்னோதான்னு சொன்னாங்க. இங்க தூறல் மாதிரி விழுது; அரை மணி தூரத்துல ரோடே தெரியலையாம். 2008ல நிஷா புயல் மெதுவா நகர்ந்ததாலதானே ஒரத்தநாட்டுல 66 செ.மீ. கொட்டுச்சு? ஓடுற புயல் எப்படிக் கொட்டும்?

பதில் 1: தம்பி, நிஷாவுக்குத் தீனி வங்கக்கடல் சூடு. இதுக்குத் தீனி குளிர்காத்துக்கும் வெதுவெதுப்பான காத்துக்கும் உள்ள வித்தியாசம். ராக்கி மலைக்குக் கிழக்கே, கனடாவோட ஆல்பர்ட்டா மாகாணத்துல உருவாகித் தென்கிழக்கா ஓடிவரும். பேரு ஆல்பர்ட்டா கிளிப்பர். ஈரம் கம்மி, அதான் மொத்தக் கணக்கு சின்னதா வருது.

ஆனா அந்த ஈரம் சமமா விழாது. புயலுக்கு வடக்கே, சில கி.மீ. உயரத்துல, ரெண்டு காத்தும் ஒன்னையொன்னு நெருக்குற கோட்டுல மட்டும் காத்து வேகமா மேலேறும். நீளமான, ஒல்லியான கோடு; இதைத்தான் பட்டைன்னு சொல்றோம். அகலம் சில பத்து கி.மீ.தான். அந்த உயரத்துல மைனஸ் 12லேருந்து மைனஸ் 18 டிகிரி வரை இருந்தா, ஆறு கிளை விட்ட ஸ்னோ செதில் மளமளன்னு வளரும். கிளை கிளையா இருக்கறதால நெருங்கி உக்காராது. 1 செ.மீ. மழைத்தண்ணி வழக்கமா 10 செ.மீ. ஸ்னோன்னா, இதுல 15, 20 ஆயிடும். பட்டைக்கு அடியில மணிக்கு 2.5 செ.மீ.க்கு மேல விழும், வெளியில சும்மா பறக்கும்.

முக்கியம் பட்டையோட திசை. புயல் போற திசைக்குக் குறுக்கே கிடந்தா சீக்கிரம் தாண்டிடும். அதே திசையில நீளவாக்குல கிடந்தா, நீடாமங்கலம் கேட்டுல நின்னவங்களுக்குச் சொல்லவே வேணாம்: ரயில் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, பெட்டி முடியமாட்டேங்குது. கிளம்புறதுக்கு முன்னாடி கடைசி ஒரு மணி நேர ரேடாரை ஓடவிட்டு இதை மட்டும் பாருங்க.

பதில் 2: அண்ணன் சொன்னதோட ஒன்னு சேத்துக்கங்க. புயல் போனப்புறம்தான் ஏரிப் பட்டை, அதாவது ஏரித்தண்ணிச் சூட்டுல கிளம்புற ஸ்னோ பட்டை வரும். பின்னால வர்ற கடுங்குளிர் ஹூரான் ஏரி மேல வீசும், ஒன்றரை கி.மீ. உயரத்துக் காத்து ஏரித்தண்ணியைவிட 13 டிகிரியாவது குளிர்ந்திருந்தா பட்டை கிளம்பும். பாரி, ஓவன் சவுண்ட்ங்கற ஊர்கள் பக்கம் போறவங்க "புயல் போயிடுச்சு"ன்னு கிளம்பி மாட்டுறது இங்கதான். நம்ம ஊர்ப் புயலுக்கு உறவுக்காரன் இந்த ஏரிப் பட்டைதான், தண்ணிச் சூட்டுல பொழைக்கிறவன். ஏரி உறைஞ்சா அடங்கிடுவான்.

கார்ல முன்பக்கம் தானா எரியுற பகல் விளக்கு இருக்கேன்னு இருந்துடாதீங்க. பழைய வண்டியில அதோட பின்விளக்கு எரியாது. ஹெட்லைட்டைக் கையால போடுங்க. கண்ணாடி கழுவுற திரவம் மைனஸ் 40க்குத் தாங்கறது வாங்குங்க. வண்டி ஸ்னோவுல சிக்கினா, சைலன்சர் வாயைத் தோண்டிவிட்டப்புறம்தான் இன்ஜினை ஓட்டணும். இல்லன்னா கார்பன் மோனாக்சைடு உள்ள ஏறும்.

வாசல்ல ஸ்னோவைப் புயல் கடந்த கையோட தள்ளிடுங்க. பின்னாடியே குளிர் இறங்கும். மைனஸ் 10க்குக் கீழ சாதா உப்பு சரியா உருக்காது, மணல்தான் போடணும். வீட்டுப் பக்கச் சுவர்ல தாழ்வா ரெண்டு வெள்ளைக் குழாய் நீட்டிக்கிட்டு இருந்தா அது ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்குற மெஷின்) குழாய். அதையும் மறக்காம சுத்தம் பண்ணுங்க. அடைச்சா ராத்திரியில ஹீட்டிங் நின்னுடும்.