செல்ஃப் சுத்துது, ஃப்ளைவீலைப் பிடிக்க மாட்டேங்குது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

பத்துசக்கரம்:
செகண்ட்ஸ்ல எடுத்த லாரி, ஆறு சிலிண்டர் டீசல், 24 வோல்ட். சாவியத் திருப்பினா செல்ஃப் மோட்டார் விர்ர்ர்னு ஃபுல் ஸ்பீடுல சுத்துது, நடுவுல சில நேரம் கர்ர்னு ஒரு கடி, எஞ்சின் அசையவே அசையாது. இன்னொரு நேரம் சாவி தொட்டதும் பிடிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆயிடும். பிடிக்காதப்ப கியர்ல போட்டு ஆளுங்கள வச்சு வண்டிய முன்னயும் பின்னயும் கொஞ்சம் ஆட்டிட்டு நியூட்ரலுக்கு வந்து அடிச்சா பிடிக்குது. செல்ஃப் புதுசு, பெயிண்ட் கூட போகல, வித்தவர் டார்ச் அடிச்சு அதைத்தான் பெருமையா காட்டினாரு. எனக்கு இன்னும் உறுத்திட்டே இருக்கறது என்னன்னா, வண்டி பாக்கப் போனப்ப எஞ்சின் ஏற்கனவே ஓடிட்டு இருந்துச்சு. "சூடு பண்ணி வச்சிருக்கேன் தம்பி, சத்தத்த மட்டும் கேளுங்க"ன்னாரு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னேன், பண்ணாரு, உடனே பிடிச்சுது. அப்ப அவர் மூஞ்சில ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அது இப்பதான் எனக்குப் புரியுது. புது செல்ஃப் ஏன் போட்டாருன்னும் புரியுது. யாருக்காவது இப்படி ஆச்சா?

கிரீஸ்கை:
ஆச்சு ப்ரோ. எனக்கு டக்குனு பெண்டிக்ஸ் (செல்ஃப் முனைல, ஃப்ளைவீல் பல்லுல போய் மாட்டற சின்ன பல்சக்கரம்) வெளிய வர்ற சத்தம் கேக்கும், அப்புறம் விர்ர். அதாவது பல்லு போய் மாட்டிருச்சு, ஆனா உள்ள இருக்கற ஒன்வே கிளட்ச் வழுக்குது. காலைல சில்லுனு இருக்கறப்ப மட்டும் வரும், மத்தியானம் மெக்கானிக்கிட்ட கொண்டு போனா ஒழுங்கா எடுக்கும், அவரும் என்னை ஒரு மாதிரி பாப்பாரு. கடைசியா கழட்டி பெண்டிக்ஸ கையில வாங்கி பல்லச் சுத்திப் பாத்தேன், ஒரு பக்கம்தான் சுத்தணும், இன்னொரு பக்கம் பிடிக்கணும். ரெண்டு பக்கமும் வழவழன்னு சுத்துச்சு. அப்படியே மெக்கானிக் முன்னாடி நீட்டினேன், அவர் ஒண்ணும் பேசல, சுத்திப் பாத்துட்டு என் கையிலயே திருப்பிக் கொடுத்தாரு. உங்களுக்கும் பெண்டிக்ஸ்தான், மாத்திடுங்க.

வோல்ட்மீட்டர்:
எடுத்த எடுப்புல பெண்டிக்ஸ மாத்துன்னு சொல்றதுதான் நம்ம ஆளுங்களோட வியாதி. மீட்டர் வைக்காம ஒரு போல்ட்டையும் தொடாதீங்க. எனக்கு நடந்தது ரெண்டே வரி: கியர்பாக்ஸ் வேலை முடிஞ்சு வந்த வண்டில எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவுல இருக்கற எர்த் பட்டைய திரும்ப மாட்டல. சாவி போட்டதும் ஆக்சிலேட்டர் கேபிள்ல இருந்து புகை. செல்ஃப் இழுக்கற அத்தனை கரண்டும் அந்த மெல்லிசு கேபிள் வழியா திரும்பப் போகுது, மேல் உறை உருகி என் ஷூல சொட்டுச்சு.

இப்ப விஷயத்துக்கு வாங்க. 12 வோல்ட் பேட்டரி ரெண்டு சீரியஸ்ல, முழு சார்ஜ்ல சேர்த்து 25 வோல்ட்டுக்கு மேல காட்டணும். செல்ஃப் அடிக்கறப்ப 19-க்குக் கீழ இறங்கிச்சுன்னா முதல்ல பேட்டரியப் பாருங்க, அதுவும் ரெண்டையும் தனித்தனியா, ஒண்ணு செத்திருந்தா இன்னொண்ணு அதை மறைக்கும். அப்புறம் மீட்டரோட ஒரு முனைய பேட்டரி மைனஸ் முளைல (கிளாம்ப்ல இல்ல, முளைல), இன்னொரு முனைய எஞ்சின் பிளாக்ல சுரண்டின இடத்துல வச்சிட்டு ஆள விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்ல எங்கயோ துரு. பிளஸ் பக்கமும் அதே மாதிரி. அப்புறம் சோலனாய்டு, செல்ஃப் மேல இருக்கற காந்த ஸ்விட்ச். அதுக்குள்ள ரெண்டு காயில், ஒண்ணு இழுக்கறது, ஒண்ணு பிடிச்சு வைக்கறது. பிளஞ்சர் (நடுவுல நகர்ற இரும்புத் தண்டு) உள்ள போய் காண்டாக்ட் மூடினதும் இழுக்கற காயிலுக்கு ரெண்டு பக்கமும் ஒரே வோல்ட்டேஜ், அது ஓய்வெடுத்துக்கும், பிடிக்கற காயில் மட்டும்தான் வேலை செய்யும். அது அறுந்திருந்தாலோ, அடிக்கறப்ப வோல்ட்டேஜ் ரொம்ப விழுந்தாலோ பிளஞ்சர் உள்ள போகும், விடும், போகும், விடும், டகடகடகன்னு சத்தம் வரும். ஒரே ஒரு டக் வந்து அமைதியாயிட்டா காண்டாக்ட் கருகியிருக்கலாம். சாவிலேர்ந்து வர்ற சின்ன ஒயர்லயும் பாருங்க, பழைய லாரில நியூட்ரல் ஸ்விட்ச், ரிலே, யாரோ நடுவுல ஒட்டின ஒயர் ஜாயின்ட்டுன்னு பாதி வோல்ட்டேஜ் வழியிலயே போயிரும். இன்னொண்ணு, தொடர்ந்து 30 செகண்டுக்கு மேல அடிக்காதீங்க, ரெண்டு நிமிஷம் ஆற விடுங்க, செல்ஃபுக்குள்ள சுத்தற ஆர்மேச்சர் வெந்துரும்.

கிரீஸ்கை:
அண்ணே எல்லாம் சரி, ஆனா அவர் என்ன எழுதியிருக்காருன்னு படிச்சீங்களா? மோட்டார் ஃபுல் ஸ்பீடுல சுத்துதுன்றாரு. பேட்டரி, எர்த் மோசமா இருந்தா டகடகன்னு வரும், இல்லன்னா முக்கிட்டு மெதுவா சுத்தும். விர்ர்னு பறக்குதுன்னா கரண்ட் மோட்டாருக்கு வந்து சேர்ந்திருச்சுன்னு அர்த்தம். இங்க மீட்டர வச்சு என்ன பண்றது?

வோல்ட்மீட்டர்:
மீட்டர் வச்சுப் பாக்கறதுல யாருக்கும் நஷ்டம் இல்ல தம்பி.

ஸ்பேனர்செட்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க, நான் பாத்த கூத்தச் சொல்றேன். என் வண்டில சாவி போட்டா சத்தமே இல்ல. ஒருத்தர் வந்தாரு, அடில படுத்தாரு, பெரிய ஸ்பேனர எடுத்து சோலனாய்டுல இருக்கற ரெண்டு பெரிய போல்ட்டையும் சேர்த்து வச்சு அமுக்கினாரு, நீலமா ஒரு பொறி, மோட்டார் விர்ர்னு சுத்துச்சு, எஞ்சின் சுத்தல. "பாத்தீங்களா, பெண்டிக்ஸ் காலி"ன்னு எழுந்துட்டாரு. பெண்டிக்ஸ் மாத்தியும் ஆச்சு. மறுபடி அதே அமைதி.

அந்த ரெண்டு பெரிய போல்ட்டச் சேர்த்தா கரண்ட் நேரா மோட்டாருக்குப் போகும், சோலனாய்டு தூங்கிட்டே இருக்கும். இந்த மாடல் செல்ஃப்ல பெண்டிக்ஸத் தள்ளறது ஃபோர்க், ஃபோர்க்க இழுக்கறது சோலனாய்டு பிளஞ்சர். அது அசையாம பல்லு எப்படி வெளிய வரும், புது பெண்டிக்ஸ் இருந்தாலும் சும்மாதான் சுத்தும். பேட்டரி கேபிள் வர்ற பெரிய போல்ட்டையும் சாவிலேர்ந்து வர்ற சின்ன டெர்மினலையும் சேர்க்கணும், 30, 50ன்னு நம்பர் குத்தியிருக்கும். நியூட்ரல், ஹேண்ட்பிரேக், வீலுக்குக் கட்டை, இது மூணும் இல்லாம கை வைக்காதீங்க, கியர்ல இருந்தா வண்டி உங்க மேலயே ஏறும். அப்படிச் சேர்த்தா ஒழுங்கா எடுத்துச்சுன்னா குத்தம் சாவி பக்கம். எனக்கு ரிலே சாக்கெட்ல ஒரு பின் பச்சையா பூத்திருந்துச்சு. அந்த நீலப் பொறி அடிச்ச ஸ்பேனர்ல இன்னும் பள்ளம் இருக்கு, எடுக்கறப்பெல்லாம் வயிறு எரியும்.

ராத்திரிவண்டி:
எனக்கு வேற கதை. பழைய செல்ஃப கொடுத்து எக்ஸ்சேஞ்ச்ல வாங்கினது, அதே மாடல்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. மாட்டினேன், விர்ர். கழட்டி சோலனாய்டுக்குக் கரண்ட் கொடுத்தா பல்லு அழகா வெளிய வருது, மாட்டினா பிடிக்கல. ராத்திரி முழுக்க ரோட்டோரம். விடிஞ்சப்புறம் பழைய போட்டோ ஒண்ண பெருசு பண்ணிப் பாக்கறேன், செல்ஃபுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் (ஃப்ளைவீலையும் கிளட்சையும் மூடியிருக்கற கூடு) நடுவுல ஒரு அலுமினிய வளையம். அது பழைய செல்ஃபோட ஒட்டிக்கிட்டே எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருச்சு! வளையம் இல்லாம மூக்கு உள்ள அதிகமா போய், பல்லு ரிங் கியரத் (ஃப்ளைவீலச் சுத்தி இருக்கற பல்லு வளையம்) தாண்டி அந்தப் பக்கம் போய் நிக்குது, ஓரத்த மட்டும் உரசிட்டு. ப்ரோ உங்க புது செல்ஃப நம்பாதீங்க. பல்லு எண்ணிக்கை, மூக்கு நீளம், பெண்டிக்ஸ் ஓய்வுல இருக்கறப்ப ரிங் கியர்லேர்ந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு எல்லாம் பழசோட அளந்து பாருங்க. பத்துப் பல்லும் பதினொரு பல்லும் பாக்க ஒண்ணாத்தான் இருக்கும்.

பழையடீசல்:
யாரும் கிளட்ச் தூசியப் பத்திச் சொல்லல. பெல் ஹவுசிங்குக்குள்ள எஞ்சினோட பின்பக்க ஆயில் சீல் லேசா கசிஞ்சு, அதுல கிளட்ச் தூசி ஒட்டி, அதுக்கு மேல எவனோ புண்ணியவான் செல்ஃப் ஷாஃப்ட்டுக்கு கிரீஸ அள்ளி அப்பியிருந்தான். பெண்டிக்ஸ் பாதி தூரம் வந்து கருப்புக் களில நிக்குது. நகத்தால சுரண்டினா கட்டி கட்டியா வந்துச்சு. கழுவிட்டு ரெண்டு சொட்டு மெல்லிசு ஆயில் விட்டேன், அவ்வளவுதான்.

பத்துசக்கரம்:
எல்லாருக்கும் நன்றி, இன்னிக்கு உக்காந்துட்டேன். பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு செல்ஃப இறக்கினேன் (வோல்ட்மீட்டர் அண்ணே, அதுக்கு முன்னாடி உங்க அளவெல்லாம் எடுத்தேன், எல்லாம் சரியா இருக்கு). பெண்டிக்ஸ் ஒரு பக்கம்தான் சுத்துது. ஷாஃப்ட் சுத்தம், ஃபோர்க் நல்லாருக்கு, வளையமும் இருக்கு. அப்புறம் அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சுக்கிட்டே ஒருத்தர எஞ்சின் முன்னாடி இருக்கற பெல்ட் புல்லில கம்பி போட்டு எஞ்சின மெதுவா சுத்தச் சொன்னேன். நல்ல பல்லு, நல்ல பல்லு, நல்ல பல்லு, திடீர்னு எலி கடிச்ச மாதிரி ஒரு இடம். பல்லோட பாதி நீளம் இல்ல, மிச்சம் கூர் கூரா, புதுசா உரசின பளபளப்போட. நிறுத்தாம சுத்தச் சொன்னேன். மறுபடி நல்ல பல்லு, மறுபடி ஒரு பள்ளம். முழுசுக்கும் மூணு இடம், சம தூரத்துல.

ஸ்பேனர்செட்:
அதேதான். ஆறு சிலிண்டர்ல ஒரு சுத்துக்கு மூணு கம்ப்ரெஷன் (பிஸ்டன் காத்த அமுக்கற நேரம்), 120 டிகிரிக்கு ஒண்ணு. எஞ்சின் ஆஃப் ஆகறப்ப ஏதாவது ஒரு கம்ப்ரெஷன ஏற முடியாம பின்வாங்கி அதே மூணு இடத்துலதான் வந்து நிக்கும், செல்ஃப் பல்லு எப்பவும் அங்கயே போய் அடிக்கும். நாலு சிலிண்டர்னா ரெண்டு இடம். வண்டிய ஆட்டினா பிடிக்குதுன்னு முதல்லயே எழுதினீங்களே, நல்ல பல்லு எதிர்ல வந்துருது. அதை யாரும் கண்டுக்கல. வித்தவர் பழைய பெண்டிக்ஸ அந்தப் பல்லுலயே தின்ன விட்டுட்டு செல்ஃப மட்டும் புதுசு போட்டிருக்காரு, இது இன்னும் கொஞ்ச நாள் ஓடினா புதுசோட பல்லும் போயிரும்.

ராத்திரிவண்டி:
ரிங் கியர திருப்பிப் போடலாமே, எங்க பழைய மெக்கானிக் அப்படித்தான் பண்ணுவாரு.

ஸ்பேனர்செட்:
திருப்பிப் போட்டா செல்ஃப் நுழையற பக்கம் பல்லு ஓரத்துல இருக்கற சரிவு அந்தப் பக்கம் போயிரும், மொட்டையா இருக்கற முகத்துல வந்து முட்டும். சரிவ மறுபடி கிரைண்ட் பண்ணிப் போடறவங்க இருக்காங்க, பொறுமை வேணும். அதுக்கு பதிலா ரிங்க சூடு பண்ணிக் கழட்டி அதே பக்கமா 60 டிகிரி தள்ளிப் போட்டா, எஞ்சின் நிக்கற இடத்துக்கு நல்ல பல்லு வரும். புது ரிங் கிடைச்சா அதுதான் உத்தமம். எது போட்டாலும் சுத்தி முழுக்க சமமா சுமார் 200 டிகிரி சூடு போதும், விரிஞ்சு தானா உக்காரும். ஒரே இடத்துல கேஸ் பிடிச்சு சிவக்க விட்டா பல்லோட கெட்டித்தனம் போயிரும். உக்காந்ததும் இடைவெளி இல்லாம ஃப்ளைவீல் படியில சுத்தி ஒட்டியிருக்கான்னு பாருங்க.

பத்துசக்கரம்:
புது ரிங்தான் சொல்லியிருக்கேன். கியர்பாக்ஸ் நாளைக்கு இறங்குது.

வோல்ட்மீட்டர்:
இறக்கறதோட கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், பின் சீல் எல்லாத்தையும் மாத்திடுங்க. அப்படியே ஃப்ளைவீல் முகத்த லேத்ல விட்டு ஒரு சின்ன கட்டிங், ஆனா ஓரத்து படியும் அதே அளவு குறையணும், இல்லன்னா கிளட்ச் அழுத்தம் மாறிரும். கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் வெடிச்சிருக்கான்னும் பாருங்க. எர்த் பட்டைய மறக்காதீங்க.

பத்துசக்கரம்:
எர்த் பட்டைய மட்டும் கண்டிப்பா மறக்க மாட்டேன் அண்ணே. மத்ததெல்லாம் இறக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்.