கல்யாண முருங்கை விதையிலுள்ள ஹைப்பஃபோரின்: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் முதுகலை வேதியியல் பயிலும் நான், சளிக்கு அடை தட்டித் தின்கிறோமே, அந்தக் கல்யாண முருங்கையின் விதையிலுள்ள ஹைப்பஃபோரின் என்னும் ஆல்கலாய்டை (தாவரங்களில் காணப்படும் நைட்ரஜன் சேர்ம வகை) ஆய்வுக்கு எடுத்துள்ளேன். டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலத்தின் நைட்ரஜனில் மூன்று மெத்தில் தொகுதிகள் சேர்ந்து உருவாகும் இது, மனமயக்கம் தரும் டிஎம்டி (டைமெத்தில்டிரிப்டமின்) என்னும் சேர்மத்துக்கு உறவுடையதாயினும், கார்பாக்சில் தொகுதியை இழக்காமல், நைட்ரஜனில் நிலையான நேர்மின்சுமையும் கொண்டிருப்பதால் இயல்பில் வெகுவாக வேறுபடுகிறது. சுண்டெலிகளில் இது உறக்கத்தைத் தூண்டியதாக 2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதற்குரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

சிக்கல் பிரித்தெடுப்பில்தான். சாற்றைக் காரமாக்கிக் குளோரோஃபார்முடன் குலுக்கினால் மற்ற ஆல்கலாய்டுகள் அதில் இறங்கிவிட, இது மட்டும் நீரிலேயே தங்கிவிடுகிறது; சேர்மங்களைப் பிரித்துப் பார்க்கும் சிலிக்கா தகட்டிலோ புள்ளி வைத்த இடத்திலிருந்து வால்போல் இழுபடுகிறது. மின்சுமையுள்ள மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கும் அயனிப் பரிமாற்றப் பிசினால் இத்தகைய சேர்மங்களைப் பிரித்த அனுபவமுள்ளோர் வழிமுறையைச் சொன்னால் பேருதவியாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கத் தூய ஹைப்பஃபோரின் சில மில்லிகிராம் கிடைக்குமா?

விதையும் போதவில்லை. நான் பார்த்த மரங்களில் குளவிப்பூச்சி தாக்கி இலைக்காம்புகள் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கின்றன, காயே இல்லை. முற்றிய காயுள்ள மரம் இருக்கும் பகுதியைத் தெரிவித்தால் நானே வந்து பொறுக்கிக்கொள்கிறேன். விதை நச்சுடையது, குழந்தைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.