அல் கபோனைப் பிடிச்சது துவக்கா, கணக்குப் புத்தகமா?

படுவான்கரையான்:

1987இல வந்த 'தி அன்டச்சபிள்ஸ்' படத்தப் பாத்த ஆக்கள் இருந்தா எழுதுங்க. எங்க பாத்தீங்க, ஆரோட பாத்தீங்க, என்ன மனசில நிண்டது எண்டு. பாக்காத ஆக்களுக்கு: சிக்காகோவில சாராயத்துக்குத் தடை போட்டிருந்த காலம். சாராயக் கடத்தல் கும்பலுக்குத் தலைவன் அல் கபோன் ஊரையே விலைக்கு வாங்கி வைச்சிருக்கான். எலியட் நெஸ் எண்ட இளம் அதிகாரி, காசுக்கு மடியாத மூணு பேரத் தேடிப் பிடிச்சுச் சேத்துக்கொண்டு அவனோட மோதுறார். பிரையன் டி பால்மா எடுத்தது. கபோனா வாறது ரொபர்ட் டி நீரோ.

முதல்ல என்ட கதை. தொண்ணூறுகள்ல மட்டக்களப்பில கொக்கட்டிச்சோலைக்கு அங்கால எங்கட ஊரில கரண்ட் இல்ல. கலியாண வீடு, சாமத்திய வீடு எண்டா வீடியோ டெக், டிவி, ஜெனரேட்டர் மூண்டையும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் ஓடும். முதல்ல எம்.ஜி.ஆர், மறுகா ரஜினி. சாமம் கடந்து கிழடு கட்டையெல்லாம் பாயில சாஞ்சாப் பிறகுதான் இங்கிலிஷ் படம். எங்களுக்கு அந்த இங்கிலிஷ் ஒரு சொல்லும் விளங்காது. டெக் கொண்டு வந்த அண்ணன்தான் டிவிக்குப் பக்கத்தில குந்திக்கொண்டு கதை சொல்லுவார். "இவன் கசிப்பு முதலாளி, களவுச் சாராயம் விக்கிற ஆள். பொலிஸ், கோர்ட், மேயர் எல்லாம் இவன்ட பொக்கட்டுக்குள்ள. அந்தத் தொப்பி போட்ட பொடியன் காசு வாங்கமாட்டானாம்." அவ்வளவுதான். மிச்சத்த நாங்க பிடிச்சுக்கொண்டம்.

அவர் வாய மூடினது ஒரே ஒரு இடத்தில. ரயில்வே ஸ்டேசன் படிக்கட்டு. தாய் ஒருத்தி புள்ள வண்டில ஒவ்வொரு படியா மேல இழுக்கிறா. கபோன்ட கணக்குப்பிள்ளையப் பத்திரமா ரயிலேத்த அடியாட்கள் வாறாங்க. நெஸ் காத்துக்கொண்டு நிக்கிறார், நிக்கிறார், இன்னும் நிக்கிறார். வெடி தொடங்கினதும் வண்டில் கை விட்டுக் கீழ உருளுது. கதை பேச்சு ஒண்டும் இல்ல. பாயில கிடந்த பெத்தா எப்ப எழும்பினாவோ தெரியாது, "அடேய், புள்ளையப் பிடிங்கடா!" எண்டு ஒரு கத்து. நெஸ்ஸுட ஆளா வாற அன்டி கார்சியா சறுக்கிக்கொண்டு வந்து வண்டிலத் தாங்கி, கிடந்த கிடையில துவக்க நீட்டுறார். பெத்தா நெஞ்சில கை வைச்சு "நல்லா இருப்பாய் மகன்" எண்டா.

1925இல ஐசன்ஸ்டைன் எடுத்த 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' எண்ட ஊமைப்படத்தில ஒரு படிக்கட்டுக் காட்சி இருக்கு, அதுக்குச் செய்த மரியாதைதான் இது எண்டு எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வாசிச்சன். எங்கட டெக் அண்ணனுக்கு அண்டைக்கு வேலை இல்லாமப் போனது ஏனெண்டு அப்பதான் விளங்கினது.

மில் கணக்கர்:

சம்மாந்துறைப் பக்கம் அரிசி மில்லுகள்ல கணக்கெழுதித்தான் என்ட காலம் போனது. அதனால எனக்கு இந்தப் படத்தில நெஸ் பெரிசில்ல. ஷோன் கொனரிக்கு ஒஸ்கார் கிடைச்சது, கிடைக்கட்டும், அந்த வயசான ரோந்துப் பொலிஸ் மலோன்ட பாத்திரம் அப்படிப்பட்டது. ஆனா நம்மட ஆள் நெஸ்ஸோட சேந்த கண்ணாடி போட்ட கணக்காளர் வொலஸ். எல்லாரும் துவக்கத் தூக்க, அவன் மட்டும் 'கபோன் வருமான வரிப் பத்திரமே குடுக்கல்ல, இதால அவனை உள்ளுக்குப் போடலாம்' எண்டு சொல்லிக்கொண்டு திரியிறான். மத்தவங்க இவன் என்ன புலம்புறான் எண்டு பாக்கிறாங்க. படம் அவனைப் பாதியிலேயே லிஃப்டுக்குள்ள வைச்சுக் கொண்டுபோட்டிட்டு. எனக்கு அந்த ராவைக்குச் சோறு இறங்கல்ல.

உண்மைக் கதை படத்த விட ருசி. களவு யாவாரத்தில வாற வருமானத்துக்கும் வரி கட்டத்தான் வேணும் எண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இல சலிவன் எண்ட சாராயக் கடத்தல்காரன்ட வழக்கில தீர்ப்புச் சொன்னது. அதுக்குப் பிறகுதான் வழி திறந்தது. ஆனா கபோன் பேரில வங்கிக் கணக்கே இல்ல. காசு அவன் கைக்குப் போனதெண்டு எப்படிக் காட்டுற? பிராங்க் வில்சன் எண்ட வரி விசாரணை அதிகாரி, முன்னம் ஒரு சூதாட்டக் கடையில ரெய்ட் போட்ட நேரம் அள்ளிக்கொண்டு வந்து, ஆரும் திரும்பிப் பாக்காமக் கிடந்த பேரேடுகளத் தேடி எடுத்தார். அதில உள்ள கையெழுத்த வங்கிச் சிட்டைகளோட ஒப்பிட்டு, எழுதினவன் ஷம்வே எண்ட காசாளன் எண்டு பிடிச்சார். அவன் வந்து சாட்சி சொன்னான். கபோன் எவ்வளவு செலவழிச்சான் எண்டு காட்டக் கடைக்காரங்க, ஹோட்டல்காரங்களையும் கூட்டில ஏத்தினாங்க. 1931 ஒக்டோபரில 11 வருஷச் சிறை, 50,000 டொலர் தண்டம். நெஸ்ஸும் ஆக்களும் சேத்த மதுவிலக்கு மீறல் குற்றச்சாட்டுகள் ஆயிரக்கணக்கில இருந்தும், அதுகள வைச்சு விசாரணையே நடக்கல்ல.

அந்தக் கையெழுத்துச் சங்கதிய வாசிக்கக்குள்ள எனக்கு உடம்பு புல்லரிச்சிட்டு. ஒரு மில்லில, பேர் வேணாம், முதலாளி மௌத்தாகிப் புள்ளைகளுக்குள்ள பங்குப் பிரச்சினை வந்தது. பழைய சிட்டைக் கட்டுகளப் பிரிச்சுப் பாக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டாங்க. கரப்பான் முட்டையும் உமித் தூசும். ஒரு போகத்துச் சிட்டைகள்ல ஏழுக்கு நடுவில சின்னதா ஒரு கோடு. அப்படி ஏழு எழுதுற ஆள் அங்க ஒருத்தர்தான், எனக்கு முன்னம் இருந்த கணக்குப்பிள்ளை. ஆனா சிட்டையில உள்ள திகதி அவர் வேலைக்கு வாறதுக்கு மூண்டு போகம் முந்தினது! பின்னால குந்தியிருந்து எழுதி முன்திகதி போட்டிருக்காங்க. சத்தம் சண்டை ஒண்டும் இல்லாம ரெண்டு நாளில விசயம் முடிஞ்சிட்டு.

காத்தான்குடி டெய்லர்:

நீங்க பேரேட்டப் பாருங்க, நான் கோட்டப் பாத்தன். உடுப்பு ஜோர்ஜியோ அர்மானிட. அரசாங்கச் சம்பளத்தில அப்படி ஒரு கோட் அந்தக் காலத்து அதிகாரி போட்டிருப்பாரா எண்டு கேட்டா நான் பதில் சொல்லமாட்டன். நெஸ்ஸா நடிச்ச கெவின் கொஸ்ட்னர் நிக்கிற ஃபோட்டோவ ஃபோனில காட்டி, உள்ளுக்கு வெயிஸ்ட்கோட்டும் சேத்து, மாப்பிள உடுப்பு தைக்கச் சொன்னார் ஒரு தம்பி. கலியாணம் சித்திரையில. சோறு வைக்க முந்தியே மேல் கோட்டக் கழட்டி மச்சான்ட கையில குடுத்திட்டார்.

வாகரை மருமகன்:

என்ட மாமா ஒரு காலத்தில கசிப்பு ரெய்டுக்குப் போன ஆள். எந்த இடம், எந்தத் திணைக்களம் எண்டு எழுதல்ல. அவர வைச்சுத்தான் நான் இந்தப் படத்தப் பாத்தன். நெஸ் முதல் ரெய்டுக்குப் பத்திரிகைக்காரனையும் கூட்டிக்கொண்டு ஆரவாரமாப் போய்க் கதவ உடைச்சுப் பெட்டியத் திறக்கிறார். உள்ளுக்கு சாராயம் இல்ல, ஜப்பான் குடை! மாமா சிரிச்ச சிரிப்பில புரையேறிட்டு. "ஜீப் ஸ்டார்ட் எடுக்க முந்தியே தகவல் போயிரும்டா" எண்டார்.

அவர் சொன்னது இது. வாவிக்கரையில கண்டல் பத்தைக்குள்ள கோடா, அதான் கசிப்புக் காச்சப் புளிக்க வைக்கிற ஊறல், உள்ள பரல சேத்துக்குள்ள தாட்டு வைச்சிருப்பாங்க. மேல தழை. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியும். புளிச்ச வாசம், அதோட ஈஸ்ட் வாசமும். கம்பால குத்திக் குத்திப் போக ஒரு இடத்தில 'டொம்' எண்டும். பரல உருட்டிக் கோடாவ ஊத்தி, செம்புச் சுருளையும் தூக்கிக்கொண்டு வருவாங்க. பிடிபடுறது ஆரு? அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டு நிண்ட ஒரு புருஷன் செத்த பொம்பிள, இல்லாட்டி கூலிக்கு வந்த பொடியன். சீனிக்கும் ஈஸ்டுக்கும் முதல் போட்டவன் டவுனில ஃபேனுக்குக் கீழ நித்திர. 1912இல வெள்ளக்காரன் போட்ட கலால் சட்டம்தான் இண்டைக்கும் புத்தகத்தில இருக்கு, திருத்தம் திருத்தமாப் போட்டும் அந்த ஃபேனுக்குக் கீழ கிடக்கிறவன்ட கை எட்டினதாத் தெரியல்ல எண்டார்.

அதனாலதான் மலோன் நெஸ்ஸத் தெருவக் கடந்து நேரா சாராயம் ஒளிச்சு வைச்சிருக்கிற தபால் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போற இடம் மாமாக்குப் பிடிச்சது. சாராயம் எங்க கிடக்கெண்டு ஊருக்கே தெரியும். அமெரிக்காவில 1920இல இருந்து 1933 வரைக்கும் அந்தத் தடை கிடந்தது, குடி நிண்டதா?

வந்தாறுமூலை:

எல்லாரும் ரசிச்சு எழுதியிருக்கீங்க, எனக்கு ஒரு முறைப்பாடு. கம்பஸ் விடுதியில லெப்டொப்பில பாத்தம். கடைசியில நெஸ், கபோன்ட அடியாள் பிராங்க் நிட்டியக் கோர்ட் மேல்மாடியில இருந்து தள்ளிக் கொல்லுறார். சரணடைஞ்சு நிண்ட ஆள். கூட இருந்த பொடியனுகள் கைதட்டினானுகள். படம் முழுக்கச் சட்டம், சட்டம் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்ச மனுசன், ஆத்திரத்தில ஒருத்தனைத் தூக்கி எறியிறார், பின்னால இசையும் அவருக்குத்தான் சப்போர்ட். என்னியோ மொரிக்கோனிட இசை எண்டா எதையும் நம்ப வைக்கும். எங்கட ஊரில பிறந்து வளந்த எனக்கு, யூனிஃபோம் போட்டவன் சட்டத்தக் கையில எடுக்கிறதப் பாத்துக் கைதட்ட மனம் வரல்ல.

நடந்தது வேற. நிட்டி 1943 வரைக்கும் உயிரோட இருந்து தன்னைத்தானே சுட்டுச் செத்தவன். ஜூரிய மாத்தினதும் படத்தில காட்டுற மாதிரி வழக்கு நடந்துகொண்டிருக்கக்குள்ள இல்ல, நீதிபதி வில்கர்சன் தொடங்க முந்தியே மாத்திட்டார். மில் கணக்கர் நானா சொன்ன பேரேட்டுக் கதைய அப்படியே எடுத்திருந்தா நான் இன்னொருக்காப் பாத்திருப்பன்.

மில் கணக்கர்:

தங்கச்சி, பேரேட்ட மட்டும் ரெண்டு மணித்தியாலம் காட்டினா நானும் நீங்களும்தான் பாப்பம்.

படுவான்கரையான்:

பெத்தா பாத்திருக்கமாட்டா.

வாகரை மருமகன்:

வந்தாறுமூலை தங்கச்சி சொன்ன அந்த மாடிக் காட்சி வரக்குள்ள மாமா எழும்பித் தேத்தண்ணி ஊத்தப் போயிட்டார். "இதெல்லாம் சினிமாக்காரன்ட வேலை" எண்டு ஒரு சொல்லு. மிச்சத்த நான்தான் குசினி வாசலில நிண்டு சொன்னன். "11 வருஷமா? வரி கட்டாததுக்கா?" எண்டு கேட்டுப்போட்டு, அவர் ராவிராவாச் சேத்துக்குள்ள நிண்டு பிடிச்ச கேஸ் ஒண்டுக்குக் கோர்ட்டில விழுந்த தண்டக் காசு எவ்வளவு எண்டு சொன்னார். அதை இஞ்ச எழுதினா நீங்க ஆரும் நம்பமாட்டீங்க, நான் எழுதல்ல.